மாற்றியமைத்த காருக்குக் காப்பீடு: ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒரு காரின் காப்பீட்டுப் பிரீமியம், அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படியே இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. மாடல், வேரியன்ட், என்ஜின் கொள்ளளவு, தயாரிப்பு ஆண்டு என நான்கைந்து விவரங்களைக் கொடுத்ததும் தொகை உடனே வந்துவிடுகிறது. அதே மாடலில் ஓடும் ஏராளமான கார்களின் விபத்து, திருட்டு, பழுதுச் செலவு ஆகியவற்றின் கணக்கு நிறுவனத்தின் கையில் ஏற்கெனவே இருப்பதே அதற்குக் காரணம். சக்கரத்தையோ சஸ்பென்ஷனையோ என்ஜினை இயக்கும் மென்பொருளையோ மாற்றியதும் உங்கள் கார் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. விலகியதை நிறுவனம் அறியாதவரை, உங்களிடம் இருப்பது வேறொரு காருக்கான பாலிசி.

பெரும்பாலானோர் முதலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார்கள், பிறகு பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில் காப்பீட்டைப் பற்றி யோசிக்கிறார்கள், சட்டத்தைப் பற்றிப் போக்குவரத்துக் காவலர் கேட்கும்போதுதான் நினைக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: முதலில் அந்த மாற்றத்தைச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்ப்பது, அடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குவது, கடைசியாக ஒர்க்‌ஷாப். இப்படிச் செய்தால், வேலை முடிந்து பணம் கொடுத்த பிறகு "இதற்குக் காப்பீடு தர இயலாது" என்ற பதிலைக் கேட்கும் நிலை வராது.

எவை மாற்றங்களாகக் கருதப்படும்

உங்கள் வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட விவரக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு காரைச் சுற்றிப் பாருங்கள். அந்தக் குறிப்பில் இல்லாத எதுவும், அல்லது அதிலிருந்து வேறுபட்ட எதுவும், தெரிவிக்க வேண்டிய மாற்றம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. கம்பெனி ஃபிட்டிங்காகவே வந்த அலாய் வீல் மாற்றம் அல்ல; அதே அலாய் வீலைக் குறைந்த வேரியன்ட்டில் வெளியில் வாங்கிப் போட்டால் அது மாற்றம். தேய்ந்த டயருக்குப் பதிலாக அதே அளவில் வேறு பிராண்டு டயர் போடுவது வெறும் பராமரிப்பு. ஷோரூமில் டீலர் பொருத்திக் கொடுத்த துணைக்கருவிகள்தாம் பலரைக் குழப்புகின்றன: கார் வாங்கிய பில்லிலேயே அவை இருந்தாலும், தயாரிப்பாளரின் பட்டியல் விலையில் சேராதவை என்றால் அவற்றைத் தனியே சொல்ல வேண்டும். இந்திய மோட்டார் காப்பீட்டில் இப்படிப் பட்டியல் விலைக்குள் அடங்காத மின், மின்னணுக் கருவிகளைத் தனியாக மதிப்பிட்டுச் சேர்ப்பதற்கென்றே ஐ.எம்.டி. 24 என்ற இணைப்புப் பிரிவு இருக்கிறது, சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட்டுகளுக்கு ஐ.எம்.டி. 25.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றங்களும் இப்போது உங்கள் கணக்கில்தான் சேரும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருக்கிறாரா, எக்ஸாஸ்ட்டை மாற்றியிருக்கிறாரா என்று காரை லிஃப்டில் ஏற்றி, அந்த மாடலை அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்கச் செய்து, அவர் கண்டவற்றை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கண்ணுக்குத் தெரியாத மாற்றமான ஈ.சி.யூ. ரீமேப்பை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதியதை, ஸ்கேனர் வைத்துத்தான் தேட வேண்டும்.

நிறுவனத்தின் பார்வையில் மாற்றங்கள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. என்ஜின் திறனைக் கூட்டும் ரீமேப், டர்போ, இன்டேக் (காற்று உள்ளிழுக்கும் பாகம்) ஆகியவையே பிரீமியத்தை அதிகம் ஏற்றும். சில நிறுவனங்கள் இவற்றைக் கேட்டதும் மறுத்துவிடும். சஸ்பென்ஷன், பிரேக், சக்கரம் ஆகியவை காரின் நடத்தையை மாற்றுவதால் அடுத்த இடத்தில் நிற்கின்றன. இதில் அண்மைக் காலச் சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது: முன்கண்ணாடியில் கேமராவும் பம்பரில் ராடாரும் கொண்ட கார்களைத் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ அவற்றின் பார்வைக் கோணம் மாறி, தானியங்கி பிரேக் தவறான நேரத்தில் வேலை செய்யலாம் அல்லது வேலை செய்யாமலே போகலாம். மறு அளவீடு செய்த சான்று இல்லாமல் இத்தகைய காரை ஏற்க நிறுவனம் தயங்குவது நியாயமே. விலையுயர்ந்த ஆடியோ, பளிச்சிடும் சக்கரங்கள் போன்றவை திருடர்களை ஈர்க்கும் என்ற கவலை. பாடி கிட், சிறப்புப் பெயின்ட் போன்றவை பழுதுச் செலவைக் கூட்டும் என்ற கவலை. வண்ண ஃபிலிமால் காரை முழுவதும் போர்த்துவதை வெறும் அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள நிறமும் கார் காட்டும் நிறமும் வேறாகிவிடும்.

ஆபத்தைக் குறைக்கும் மாற்றங்களும் உண்டு. இம்மொபிலைசர், ஜி.பி.எஸ். கண்காணிப்புக் கருவி, பார்க்கிங் சென்சார் ஆகியவற்றைச் சொன்னால் சில நிறுவனங்கள் தள்ளுபடி தரும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டுவதற்காகக் கைக்கட்டுப்பாடு, இருக்கை ஏற்றம் முதலியவை பொருத்திய வாகனங்களைப் பல நாடுகள் சட்டத்திலேயே தனியாக வைத்துப் பரிவுடன் நடத்துகின்றன. ஆனாலும் இவற்றையும் எழுத்தில் சொல்லியாக வேண்டும். பழுதாகும்போது அந்தக் கருவியின் விலை சிறியதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது

காப்பீட்டு நிறுவனம் ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொண்டு பிரீமியம் வாங்கியதாலேயே அது சட்டப்படியானதாகிவிடாது. பெரும்பாலான பாலிசிகளில், வாகனம் சாலையில் ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கிறது. சட்டவிரோத மாற்றம் அந்த நிபந்தனையில் போய் மோதும்.

நாட்டுக்கு நாடு கண்டிப்பு பெரிதும் வேறுபடுகிறது. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் அபராதம் என்று சேர்த்தது. அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கிட் போன்ற எரிபொருள் மாற்றத்துக்கு வழி உண்டு. ஆனால் அதைப் பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும். முன்பக்க இரும்புக் கம்பியான புல் பாரை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-லேயே தடைசெய்துவிட்டது.

ஜெர்மனியில் அணுகுமுறை வேறு. அங்கே பாகத்துக்கே ஒப்புதல் ஆவணம் வரும். சில பாகங்களுக்கு அந்த ஆவணத்தைக் காரில் வைத்திருந்தால் போதும், மற்றவற்றைத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் காட்டி வாகன ஆவணத்தில் ஏற்ற வேண்டும். ஒப்புதல் இல்லாத பாகத்தால் பிறருக்கு ஆபத்தோ, புகையும் சத்தமும் கூடுதலோ ஏற்படும் நிலை வந்தால் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். சிங்கப்பூரின் தரைப் போக்குவரத்து ஆணையம், ஒப்புதல் தேவையற்றவை, ஒப்புதல் தேவைப்படுபவை, அறவே கூடாதவை என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரிட்டனில் மாற்றத்துக்கு இடம் தாராளம். ஆனால் நிறம், என்ஜின் போன்றவை மாறினால் பதிவு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரின் விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று பதிவு அலுவலகத்திலேயே கேட்டறியுங்கள். ஒர்க்‌ஷாப்காரர் சொல்லும் "எல்லாரும் போடுகிறார்கள் சார்" என்பது சட்டக் கருத்து ஆகாது.

விவரப் பட்டியலைத் தயாரிப்பது

முழு வேலையிலும் அதிக நேரம் எடுக்க வேண்டிய இடம் இதுதான். "சக்கரம் மாற்றியிருக்கிறேன்" என்று எழுதினால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. நிறுவனத்தின் அதிகாரி எதை ஒப்புக்கொண்டார் என்பதைப் பிற்பாடு நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று அளவோடு எழுத வேண்டும்.

டயரையே எடுத்துக்கொள்வோம். காரில் முதலில் இருந்தது 185/65 ஆர் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயர விழுக்காடு, 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். பக்கச்சுவர் இருபுறமும் சேர்ந்து 240.5 மி.மீ., ரிம் 381 மி.மீ., ஆக டயரின் முழு விட்டம் 621.5 மி.மீ. இதற்குப் பதில் 205/55 ஆர் 16 போட்டால் விட்டம் ஏறத்தாழ 632 மி.மீ.; வேறுபாடு 1.7 விழுக்காடுதான். 205/60 ஆர் 16 போட்டாலோ 652 மி.மீ. ஆகிவிடும், வேறுபாடு 5 விழுக்காடு. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இனி 100 என்று காட்டும்போது கார் 105-இல் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் கடைக்காரர் "ஒரு சைஸ் பெரிசு" என்றே சொல்வார். காப்பீட்டு அதிகாரிக்கு இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். அளவுக்குப் பிறகு வரும் எண்ணும் எழுத்தும்கூட முக்கியம்: 88 என்றால் அந்த டயர் 560 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ, எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை, வி என்றால் 240 வரை. புதிய டயரின் எண் பழையதைவிடக் குறைவாக இருந்தால் அந்த டயரை வாங்கவே வேண்டாம்.

இதே துல்லியத்தை மற்றவற்றுக்கும் கொண்டுவாருங்கள். தாழ்த்தப்பட்ட காருக்குச் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரையிலான உயரத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து குறியுங்கள். ரீமேப் செய்தால், என்ஜின் திறனை அளக்கும் டைனோ கருவியின் சோதனைத் தாளை வாங்குங்கள். "கொஞ்சம் பவர் கூட்டியது" என்பதற்குப் பதில் முன்பிருந்த குதிரைத்திறனும் இப்போதைய குதிரைத்திறனும் இருக்க வேண்டும். பாகத்தின் பிராண்டும் எண்ணும், பொருத்திய ஒர்க்‌ஷாப்பின் பெயரும், தேதியும், உழைப்புக் கூலி தனியாகக் காட்டிய பில்லும் சேர வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய பாகத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். புகைப்படங்களில் ஒன்றிலாவது நம்பர் பிளேட்டும் அந்தப் பாகமும் ஒருசேரத் தெரியட்டும். கழற்றிய அசல் பாகங்களை விற்றுவிடாமல் வைத்திருங்கள். நிறுவனம் மறுத்தாலும் திரும்பிச் செல்ல வழி இருக்கும்.

பட்டியல் தயாரானதும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் சுருக்கமாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக:

"எனது பாலிசியில் உள்ள காரில் கீழ்க்கண்ட மாற்றங்களைச் செய்ய எண்ணியிருக்கிறேன், இன்னும் எதுவும் செய்யவில்லை. (1) டயர்: 185/65 ஆர் 15 88 எச் என்பதிலிருந்து 205/55 ஆர் 16 91 வி. (2) ரிம்: இரும்பு 15 அங்குலத்திலிருந்து அலாய் 16 அங்குலம். இவற்றை ஏற்கிறீர்களா, பிரீமியமும், இழப்பீடு கோரும்போது நான் என் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகையும் எவ்வளவு மாறும், இழப்பு நேர்ந்தால் இந்தப் பாகங்களுக்கு அதே தரத்தில் மாற்றுப் பாகம் தருவீர்களா, அல்லது அசல் பாகத்தின் மதிப்பை மட்டும் தருவீர்களா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

"இன்னும் எதுவும் செய்யவில்லை" என்ற வரி தேவையான ஒன்று. விசாரணையையே அறிவிப்பாக எடுத்துக்கொண்டு பாலிசியில் மாற்றம் செய்துவிடும் அலுவலர்கள் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த கையோடு பேசியவரின் பெயர், நேரம், அவர் சொன்னது ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

எந்தப் பாலிசியைத் தேர்ந்தெடுப்பது

ஒப்பீட்டுத் தளங்களும் நிறுவனங்களின் செயலிகளும் தொழிற்சாலை நிலையில் உள்ள கார்களுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. மாற்றம் உண்டா என்று கேட்டு, ஒரு பட்டியலிலிருந்து தேர்வு செய்யச் சொல்வார்கள். உங்கள் மாற்றம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆசை வரும். அதைச் செய்யாதீர்கள். ஒன்றிரண்டு சிறிய மாற்றங்களுக்கு இப்போதுள்ள நிறுவனத்திடமே கேட்கலாம். என்ஜின் திறன் கூடியிருந்தாலோ மாற்றங்கள் பலவாக இருந்தாலோ, மாற்றியமைத்த கார்களுக்கென்று இயங்கும் சிறப்பு நிறுவனம் உங்கள் நாட்டில் இருந்தால் அங்கே போவதும், இல்லாவிட்டால் அனுபவமுள்ள தரகர் ஒருவரைப் பிடிப்பதும் நல்லது. பொது நிறுவனம் மாற்றத்தை ஏற்றுக்கொண்டாலும், அந்தப் பாகத்துக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டதாகப் பொருளல்ல. இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை: "மாற்றத்தை அறிந்தோம்" என்று எழுதிவிட்டு, விபத்துக்குப் பின் தொழிற்சாலை ரிம்மின் விலையை மட்டும் கொடுக்கும் பாலிசிகள் நிறையவே உள்ளன.

காரின் மதிப்பு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்பது அடுத்த கேள்வி. சந்தை மதிப்பு என்றால், உங்கள் உழைப்பும் செலவும் அதில் ஏறக்குறைய காணாமல் போகும். ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பு என்றால், தொடக்கத்திலேயே புகைப்படங்களையும் பில்களையும் வைத்து ஒரு தொகையை இருதரப்பும் நிர்ணயித்துக்கொள்கின்றன; கார் முற்றிலும் அழிந்தால் அந்தத் தொகை. நிறைய வேலை செய்த காருக்கு, பிரீமியம் கூடினாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட மதிப்பே என் தேர்வு. இந்தியாவில் பட்டியல் விலையில் தேய்மானம் கழித்து வரும் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி.யில் வெளியில் போட்ட துணைக்கருவிகள் தாமாகச் சேராது. தனியே மதிப்புக் காட்டிச் சேர்க்க வேண்டும். அங்குள்ள வழக்கமான விதிப்படி பழுதின்போது பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடும் ஃபைபர் கிளாஸுக்கு 30 விழுக்காடும் தேய்மானம் கழிப்பார்கள். பாடி கிட் பெரும்பாலும் இவற்றில் ஒன்றால்தான் ஆனது என்பதால், தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் இணைப்பு எடுத்திருப்பவர்கள் அது துணைக்கருவிகளுக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பந்தயத் தடத்தில் ஓட்டுவதைச் சாதாரணப் பாலிசிகள் விலக்கிவைக்கும். பிறருக்கு நேரும் இழப்பை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு, தன் காரில் போட்ட எதற்கும் ஒரு காசு கிடைக்காது.

சொல்லாமல் விட்டால்

காப்பீடு கேட்பவருக்குத்தான் உண்மைகள் தெரியும், எனவே அவர் அவற்றைச் சொல்ல வேண்டும் என்ற கொள்கை 1766-இல் லண்டனில் கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த தீர்ப்பிலிருந்து வேரூன்றியது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அது இன்றும் ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருக்கிறது. பிரிட்டன் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனிநபர்களுக்கு அதைத் தளர்த்தியது: கேட்கப்படும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு சரியான பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் தவறான பதில் சொல்லியிருந்து, உண்மை தெரிந்திருந்தால் நிறுவனம் கூடுதல் பிரீமியம் கேட்டிருக்கும் என்றால், இழப்பீடு அதே விகிதத்தில் குறையும். 100 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 75 வாங்கியிருந்தால், இழப்பீட்டிலும் முக்கால் பங்குதான். தெரிந்தே மறைத்திருந்தால் பாலிசியே செல்லாது. கட்டிய பிரீமியமும் திரும்பாது. இத்தனை தளர்வு எல்லா நாட்டிலும் இல்லை.

விபத்தில் பிறருக்கு நேர்ந்த காயத்துக்கு, பல நாடுகளில் நிறுவனம் முதலில் பணம் கொடுத்தாக வேண்டும். பிறகு அதைக் கார் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க உரிமை கோரலாம். மறைத்தவருக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தன் காரின் பழுதுச் செலவு போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். ஒரு மனிதரின் ஆயுட்கால மருத்துவச் செலவு பின்தொடர்ந்து வந்தால் தாங்க முடியாது.

யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பல கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைப் படித்துவிட்டு அவர் குனிந்து டயரைப் படிப்பார். ஸ்பிரிங்கின் நிறமும் அதன்மேல் உள்ள எண்ணும் புகைப்படத்தில் ஏறும். பெரிய விபத்தென்றால் ஈ.சி.யூ.வில் உள்ள மென்பொருளைத் தயாரிப்பாளரின் பதிப்போடு ஒப்பிடுவார்கள். அசல் கோப்பை மீண்டும் ஏற்றினாலும், எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற கணக்கு சில ஈ.சி.யூ.க்களில் தங்கிவிடும்.

பாலிசி கைக்கு வந்த பிறகு

ஒப்புக்கொண்ட ஒவ்வொரு மாற்றமும் பாலிசி அட்டவணையிலோ இணைப்புத் தாளிலோ எழுத்தில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். மின்னஞ்சலில் சரி என்று சொல்லிவிட்டு அட்டவணையில் ஏற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் திருத்தக் கேட்பதற்கு விபத்துக்கு முந்தைய நாள்கள் மட்டுமே பயன்படும். பாலிசிக் காலத்தின் நடுவில் செய்யும் மாற்றத்தைப் புதுப்பிப்பு வரை தள்ளிப் போடாமல் உடனே தெரிவித்து, இணைப்பு வந்த பிறகே காரைச் சாலையில் இறக்குங்கள். தானாகப் புதுப்பிக்கப்படும் பாலிசிகளில் மாற்றங்களின் பட்டியல் விடுபட்டுப் போகலாம் என்பதால் ஆண்டுதோறும் ஒருமுறை அட்டவணையை முழுவதும் படிப்பது அவசியம்.

நிறுவனம் மறுத்தால், மாற்றத்தை இன்னும் செய்யாதவர் இழப்பது ஒன்றுமில்லை. வேறு நிறுவனத்தைக் கேட்கலாம் அல்லது ஒரு மாற்றத்தைக் கைவிடலாம். ஏற்கெனவே செய்துவிட்டு இப்போது சொல்பவர், நிறுவனமே பாலிசியை ரத்து செய்வதற்கு முன் தானாக முடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டா என்று கேட்க வேண்டும். "உங்கள் பாலிசி எப்போதாவது ரத்து செய்யப்பட்டதா" என்ற கேள்வியைப் பல நாடுகளில் அடுத்த நிறுவனம் கேட்கும். அதற்கு ஆம் என்று எழுத நேர்ந்தால் பல ஆண்டுகளுக்குப் பிரீமியம் கூடும். ஆனால் புதிய பாலிசி தொடங்கும் நேரத்தைப் பார்க்காமல் பழையதை முடித்துவிடாதீர்கள். இடையில் ஒரு மணி நேரம்கூடக் காப்பீடு இல்லாமல் கார் சாலையில் நிற்கக் கூடாது.

காரை அசல் நிலைக்குத் திருப்பினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாத பாகத்துக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். விற்கும்போது பில்கள், சான்றுகள், நிறுவனத்தின் கடிதங்கள் அடங்கிய கோப்பின் நகலை வாங்குபவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.